பத்தில் ஒரு பங்கு சம்பளத்துக்கு வேலை பார்த்த நோபல் விஞ்ஞானி

நான் வசிக்கும் செயின்ட் லூயிஸ் நகரில் டெல்மார் என்று ஒரு சாலை இருக்கிறது. கடைகள், உணவகங்கள், சனிக்கிழமை சாயங்காலம் குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்து நடக்க ஏற்ற நடைபாதை. இந்த ஊரோடு தொடர்புள்ள பிரபலங்களின் பெயர்களை அந்த நடைபாதையில் நட்சத்திரங்களாகப் பதித்து வைத்திருக்கிறார்கள். பாடகர்கள், பேஸ்பால் வீரர்கள், எழுத்தாளர்கள். ஆறு வருடமாக அவற்றை மிதித்துக்கொண்டே போயிருக்கிறேன். போன வருடம் ஒரு நட்சத்திரத்தின் முன்னால் என் மனைவி நின்றுவிட்டார். கெர்ட்டி கோரி, கார்ல் கோரி என்று இரண்டு பெயர்கள்.

எனக்கு அந்தப் பெயர்கள் தெரியாது. பிளஸ் டூவில் கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப் எடுத்தவன் நான். உயிரியல் பத்தாம் வகுப்போடு சரி. மனைவி பயோகெமிஸ்ட்ரி எம்.எஸ்சி. கோரி சுழற்சி என்ற படத்தைப் பரீட்சைக்கு முதல் நாள் பத்துத் தடவை வரைந்து பார்த்தாராம். அந்தக் கோரி ஒரு கணவன் மனைவி என்பதோ, நாங்கள் நின்ற இடத்திலிருந்து காரில் பத்துப் பதினைந்து நிமிஷத்தில்தான் அவர்களுடைய ஆய்வகம் இருந்தது என்பதோ அவருக்கும் அதுவரை தெரியாது.

அப்போது எங்கள் வீட்டில் ஒரு சின்னப் பூசல் ஓடிக்கொண்டிருந்தது. டிபென்டென்ட் விசாவில் வந்து ஐந்து வருடம் வீட்டில் இருந்த பிறகு மனைவிக்கு வேலை செய்யும் அனுமதி கிடைத்திருந்தது. கிடைத்த வேலை ஓர் ஆய்வகத்தில் உதவியாளர். படிப்புக்குக் குறைவான பதவி; சம்பளமோ குழந்தையின் டேகேர் செலவுக்கே பத்தாது. எதுக்கு இந்த அலைச்சல் என்று நான் கேட்டுவிட்டேன். அன்று ராத்திரி கெர்ட்டி கோரியைப் பற்றிப் படிக்க உட்கார்ந்தேன். படித்து முடித்தபோது, அந்தக் கேள்வியை நான் கேட்டிருக்கவே கூடாது என்று தோன்றியது.

சர்க்கரை ஆலைக்காரர் மகள்

கெர்ட்டி தெரேசா ராட்னிட்ஸ் 1896 ஆகஸ்ட் 15 அன்று பிராக் நகரில் பிறந்தார். இன்று அது செக் நாட்டின் தலைநகர்; அன்று ஆஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசில் இருந்த ஊர். ஜெர்மன் பேசும் யூதக் குடும்பம். அப்பா ஓட்டோ வேதியியல் படித்தவர், சர்க்கரை சுத்திகரிப்பு ஆலைகளை நிர்வகித்தவர். அப்பா ஆலையில் சர்க்கரையைப் பார்த்தார், மகள் உடம்புக்குள் பார்த்தார் என்று சொல்லலாம்.

பத்து வயது வரை வீட்டிலேயே பாடம். பிறகு பெண்களுக்கான பள்ளி. அங்கே நல்ல குடும்பத்துப் பெண்ணுக்கு எது அழகு என்று அந்தக் காலம் நினைத்ததோ அதைத்தான் சொல்லிக் கொடுத்தார்கள். பதினாறு வயதில் மருத்துவம் படிக்க வேண்டும் என்று கெர்ட்டி முடிவு செய்தபோது, நுழைவுத் தேர்வுக்கு வேண்டிய லத்தீன், கணிதம், இயற்பியல், வேதியியல் எதுவுமே போதிய அளவு தெரியாது. குழந்தை மருத்துவரான மாமா ஒருவர் தைரியம் கொடுத்தார். மற்றவர்கள் பல வருடம் படிக்கும் பாடங்களை ஏறக்குறைய ஒரே வருடத்தில் படித்து முடித்தார். 1914இல் பிராக்கின் ஜெர்மன் பல்கலைக்கழகத்தில் மருத்துவ மாணவி.

அங்கேதான் வகுப்புத் தோழர் கார்ல் கோரியைச் சந்தித்தார். இரண்டு பேருக்கும் மலையேற்றம் பிடிக்கும், ஆய்வகம் பிடிக்கும். நடுவில் முதல் உலகப் போர் வந்தது; கார்ல் ராணுவத்துக்குப் போய்த் திரும்பினார். 1920இல் இருவரும் பட்டம் பெற்று, அதே ஆகஸ்டில் கல்யாணம் செய்துகொண்டார்கள். கார்ல் கத்தோலிக்கர் என்பதால் கெர்ட்டி மதம் மாறினார்.

போர் முடிந்த வியன்னாவில் சாப்பாட்டுக்கே தட்டுப்பாடு. குழந்தைகள் மருத்துவமனை ஒன்றில் வேலை பார்த்த கெர்ட்டிக்குக் கண்கள் வறண்டுபோகும் நோய் வந்தது. வைட்டமின் ஏ குறைந்தால் வருவது அது. அந்த வைட்டமின் கொழுப்பில்தான் கரையும். பால், வெண்ணெய், முட்டை போன்றவை வழியாக உடம்புக்குள் வரும். கொழுப்பு என்றாலே இன்று நாம் முகம் சுளிக்கிறோம். ஆனால் ஒவ்வொரு செல்லையும் சுற்றியிருக்கும் மெல்லிய சுவரே கொழுப்புப் பொருளால் ஆனதுதான். குழந்தைகளுக்கு வைத்தியம் பார்த்த டாக்டரே சத்துக்குறைவால் படுத்த காலம் அது.

இன்னொரு கஷ்டமும் சேர்ந்துகொண்டது. கிராஸ் பல்கலைக்கழகத்தில் வேலைக்குச் சேர, தான் யூதர் இல்லை என்று கார்ல் நிரூபிக்க வேண்டியிருந்தது. மனைவியின் பிறப்பு நாளை என்ன விலை கேட்கும் என்று அவர்களுக்குப் புரிந்துவிட்டது. ஐரோப்பாவை விட்டுக் கிளம்புவதென்று முடிவு செய்தார்கள்.

முதலில் கணவன், பிறகு மனைவி

1922இல் அமெரிக்காவின் பஃபலோ நகரில் ஒரு புற்றுநோய் ஆய்வு நிறுவனத்தில் கார்லுக்கு வேலை கிடைத்தது. அவர் முதலில் போனார். ஆறு மாதம் கழித்து கெர்ட்டி போய்ச் சேர்ந்தார். நமக்கெல்லாம் பழக்கமான வரிசைதான் இது, இல்லைங்களா?

கெர்ட்டிக்குக் கொடுத்தது உதவி நோய்க்குறியியலாளர் பதவி. கணவரோடு சேர்ந்து ஆராய்ச்சி செய்வதை நிறுத்தாவிட்டால் வேலை போய்விடும் என்று இயக்குநர் மிரட்டிப் பார்த்தார். அவர் நிறுத்தவில்லை. பின்னால் ஒரு பல்கலைக்கழகம் கார்லுக்கு வேலை தர முன்வந்து, மனைவியோடு சேர்ந்து வேலை செய்யக் கூடாது என்று நிபந்தனை போட்டது. கெர்ட்டியைத் தனியாகக் கூப்பிட்டு, கணவருடைய முன்னேற்றத்துக்கு நீங்கள்தான் தடை என்று சொன்னார்கள். கணவனும் மனைவியும் ஒன்றாக வேலை பார்ப்பது அமெரிக்கப் பண்பாடு இல்லையாம். கார்ல் அந்த வேலையை மறுத்துவிட்டார்.

பஃபலோவுக்குக் கொஞ்ச தூரத்தில், இன்று நம்ம ஆட்கள் அத்தனை பேர் வாழும் டொரண்டோவில், அப்போதுதான் இன்சுலினைக் கண்டுபிடித்திருந்தார்கள். 1922 ஜனவரியில் முதன்முதலாக ஒரு சர்க்கரை நோயாளிப் பையனுக்கு அதை ஊசியாகப் போட்டார்கள். ரத்தத்தில் சர்க்கரை இறங்கியது. ஆனால் இறங்கிய சர்க்கரை எங்கே போகிறது? இந்தக் கணக்கைத்தான் கோரி தம்பதி கையில் எடுத்தார்கள். எலிகளுக்கு அளந்து சர்க்கரை கொடுத்து, எவ்வளவு எரிந்தது, எவ்வளவு கல்லீரலில் சேர்ந்தது, எவ்வளவு தசையில் சேர்ந்தது, இன்சுலின் போட்டால் என்ன மாறுகிறது, அட்ரினலின் போட்டால் என்ன மாறுகிறது என்று பைசா சுத்தமாக வரவு செலவு பார்த்தார்கள்.

சோறும் வேட்டியும் ஒரே பொருள்

இந்த இடத்தில் கொஞ்சம் உயிரியல். மனைவி எனக்குச் சொல்லிக் கொடுத்ததைச் சொல்கிறேன்.

குளுக்கோஸ் ஒரு சின்ன மூலக்கூறு. ஆறு கார்பன், பன்னிரண்டு ஹைட்ரஜன், ஆறு ஆக்சிஜன். அதையே செங்கல் மாதிரி அடுக்கித்தான் உயிர்கள் பெரிய பொருட்களைக் கட்டுகின்றன. அரிசியில் இருக்கும் மாவுச்சத்து குளுக்கோஸ் சங்கிலி. பருத்தி வேட்டியில் இருக்கும் செல்லுலோஸும் குளுக்கோஸ் சங்கிலிதான். செங்கல் ஒன்று, ஒன்றோடொன்று கோக்கும் திசை மட்டும் வேறு. அந்த ஒரு வித்தியாசத்தால் சோறு நமக்குச் செரிக்கிறது, வேட்டி செரிக்காது. மாடு புல்லைத் தின்று வாழ முடிவது அதன் வயிற்றில் இருக்கும் நுண்ணுயிர்களின் புண்ணியத்தில்.

நம் உடம்புக்குள் இருக்கும் குளுக்கோஸ் சேமிப்புக்கு கிளைகோஜன் என்று பெயர். 1850களில் பிரெஞ்சு விஞ்ஞானி கிளாட் பெர்னார் கல்லீரலில் கண்டுபிடித்தது. சங்கிலியில் எட்டிலிருந்து பன்னிரண்டு குளுக்கோஸுக்கு ஒரு கிளை, கிளைக்கு மேல் கிளை என்று மரம் மாதிரி இருக்கும். அத்தனை கிளை எதுக்கு? சங்கிலியை நுனியிலிருந்துதான் வெட்ட முடியும். நுனிகள் அதிகம் இருந்தால் ஒரே நேரத்தில் பல இடங்களில் வெட்டலாம், சர்க்கரை சட்டென்று கிடைக்கும். சாஃப்ட்வேர் ஆட்களுக்கு இதைச் சொன்னால் உடனே புரியும்.

பெரியவர் ஒருவரின் கல்லீரலில் ஏறக்குறைய 100 கிராம், தசைகளில் ஏறக்குறைய 400 கிராம் கிளைகோஜன் இருக்கும். இது சட்டைப் பையில் இருக்கும் கைச்செலவுப் பணம். கொழுப்பு பேங்கில் போட்ட டெபாசிட். கிளிசரால் என்ற ஒரு துண்டில் மூன்று நீளமான கொழுப்பு அமிலங்கள் தொங்கும். தண்ணீர் சேராமல் நெருக்கமாக அடுக்கிவிடலாம். ஒரு கிராம் சர்க்கரையில் 4 கலோரி என்றால் ஒரு கிராம் கொழுப்பில் 9. ஆனால் டெபாசிட்டை உடைக்க நேரம் ஆகும். கொழுப்பு அமிலத்தைத் திருப்பிக் குளுக்கோஸாக மாற்றவும் நம் உடம்புக்குத் தெரியாது. மூளையோ சாதாரண நாளில் குளுக்கோஸைத்தான் கேட்கும். அதனால்தான் கைச்செலவுக் கணக்கு அவ்வளவு முக்கியம்.

1929இல் கோரி தம்பதி தங்கள் சுழற்சியை வெளியிட்டார்கள். பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறீர்கள் என்று வெச்சுக்குங்க. தசைக்கு ஆக்சிஜன் பத்தாது. கிளைகோஜனை அரைகுறையாக எரித்து லாக்டிக் அமிலம் ஆக்கிவிடும். அதைத் தசை வீணாக்குவதில்லை, ரத்தத்தில் விடும். அது கல்லீரலுக்குப் போகும். கல்லீரல் அதை மறுபடி குளுக்கோஸாக்கி ரத்தத்தில் அனுப்பும். பக்கத்து வீட்டுக்குப் போன பாத்திரம் வெறும் பாத்திரமாகத் திரும்பி வராது என்பார்களே, அந்த மாதிரி. ஒரு குளுக்கோஸை அவசரமாக உடைத்துத் தசை சம்பாதிப்பது இரண்டு பங்கு சக்தி என்றால், அதைத் திருப்பிச் செய்யக் கல்லீரல் செலவழிப்பது ஆறு பங்கு. கணக்குப்படி நஷ்டம். ஆனால் அவசரத்துக்கு ஓட முடிகிறது.

செயின்ட் லூயிஸில் பதினாறு வருடம்

1928இல் அமெரிக்கக் குடியுரிமை. 1931இல் செயின்ட் லூயிஸின் வாஷிங்டன் பல்கலைக்கழகம் கார்லை மருந்தியல் துறைத் தலைவராக அழைத்தது. கெர்ட்டிக்கு ஆராய்ச்சி உதவியாளர் இடம். சம்பளம் கணவருடையதில் பத்தில் ஒரு பங்கு. அதற்குள் இருவரும் சேர்ந்து சுமார் ஐம்பது கட்டுரைகள் எழுதியிருந்தார்கள்; கெர்ட்டி தனியாக எழுதியவையும் பத்துக்கு மேல்.

1936இல் பெரிய கண்டுபிடிப்பு வந்தது. தவளைத் தசையை அரைத்து, கழுவி, பாஸ்பேட் சேர்த்து வைத்தபோது அதுவரை யாரும் பார்க்காத ஒரு பொருள் கிடைத்தது. குளுக்கோஸின் முதல் கார்பனில் பாஸ்பேட் ஒட்டியிருந்தது. இன்றும் அதற்குக் கோரி எஸ்டர் என்று பெயர். செல் கிளைகோஜனை வெட்டும்போது ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு பாஸ்பேட் முத்திரை குத்துகிறது. முத்திரை இருக்கும்வரை அந்தச் சர்க்கரை செல்லை விட்டு வெளியே போக முடியாது. கல்லீரலில் அந்த முத்திரையைக் கழற்றும் நொதி இருக்கிறது, தசையில் இல்லை. அதனால்தான் கல்லீரல் ஊருக்கே சர்க்கரை கொடுக்கிறது; தசை தன் கையிருப்பைத் தானே செலவழிக்கிறது.

அதே 1936 ஆகஸ்டில் அவர்களுடைய ஒரே மகன் பிறந்தான். செயின்ட் லூயிஸ் கோடை எப்படி இருக்கும் என்று இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். ஏசி இல்லாத ஆய்வகத்தில், பிரசவத்துக்குக் கிளம்பும்வரை கெர்ட்டி வேலை பார்த்தார்.

அடுத்து, கிளைகோஜனை வெட்டும் பாஸ்பாரிலேஸ் என்ற நொதியைப் பிரித்தெடுத்தார்கள். 1939இல் அதை வைத்துக் குளுக்கோஸ் துண்டுகளைக் கோத்து, செல்லுக்கு வெளியே நீண்ட சர்க்கரைச் சங்கிலியையே செய்து காட்டினார்கள். உடம்புக்குள்ளும் அப்படித்தான் நடக்கிறது என்று நினைத்தார்கள், அது சரியில்லை. உடம்பு கிளைகோஜனை அடுக்குவது வேறு வழியில் என்று பின்னால் காட்டியவர் லூயி லெலாய்ர். அவரும் இந்த ஆய்வகத்தில் கொஞ்ச காலம் இருந்தவர்தான்.

கெர்ட்டி முழுப் பேராசிரியர் ஆனது 1947இல். ஆய்வகத்தில் சேர்ந்து பதினாறு வருடம் ஆகியிருந்தது. சில மாதங்களிலேயே நோபல் பரிசு வந்தது. பாதி கோரி தம்பதிக்கு, மறுபாதி அர்ஜென்டினாவின் பெர்னார்டோ ஹூசேவுக்கு. மருத்துவ நோபல் பெற்ற முதல் பெண் கெர்ட்டி கோரி.

கடைசிப் பத்து வருடம்

அதே வருடம்தான் இன்னொரு செய்தியும் வந்தது. கொலராடோ மலையில் ஏறப் போன இடத்தில் உடம்புக்கு முடியாமல் போனது. எலும்பு மஜ்ஜை ரத்தம் உற்பத்தி செய்யும் திறனை இழக்கும் நோய் என்று தெரிந்தது. தீராத நோய். அடுத்த பத்து வருடம் அடுத்தவர்கள் கொடுத்த ரத்தத்தில்தான் வாழ்ந்தார். ஆய்வகத்திலேயே ஒரு கட்டில் போட்டுக்கொண்டார். களைத்தால் படுப்பார், எழுந்து வேலை பார்ப்பார்.

அந்தப் பத்து வருடத்தில் அவர் செய்த வேலை குழந்தைகளுக்கானது. இளம் டாக்டராகத் தொடங்கிய இடத்துக்கே திரும்பி வந்த மாதிரி. சில குழந்தைகளுக்குக் கல்லீரல் பெரிதாக வீங்கியிருக்கும், கிளைகோஜன் நிறைந்து கிடக்கும். ஆனால் ரத்தத்தில் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடும். பேங்கில் பணம் இருந்தும் ஏடிஎம் பின் நம்பர் தெரியாத நிலை. 1952இல் கோரி தம்பதி காரணத்தைக் கண்டுபிடித்தார்கள். மேலே சொன்னேனே, முத்திரையைக் கழற்றும் நொதி, அது அந்தக் குழந்தைகளின் கல்லீரலில் இல்லை. பரம்பரையாக வரும் வளர்சிதை நோய் ஒன்றுக்கு, இந்த உறுப்பில் இந்த நொதி இல்லாததுதான் காரணம் என்று விரல் வைத்துக் காட்டியது அதுதான் முதல் தடவை. கிளைகோஜன் மரத்தில் கிளை பிரியும் இடங்களை வெட்டும் நொதி இல்லாத இன்னொரு நோய்க்கு இன்று கோரி நோய் என்றே பெயர்.

முதல் வகை நோய் உள்ள குழந்தைகளுக்கு இன்று வேகவைக்காத சோள மாவைத் தண்ணீரில் கலந்து நேரம் பார்த்துக் கொடுக்கிறார்கள். பச்சை மாவுச்சத்து மெதுவாகச் செரித்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் குளுக்கோஸ் கொடுப்பதால், ராத்திரி சர்க்கரை இறங்காமல் பிள்ளை தூங்க முடிகிறது.

1957 அக்டோபர் 26 அன்று, 61 வயதில், கெர்ட்டி கோரி வீட்டில் இறந்தார். அந்தத் தம்பதியின் ஆய்வகத்தில் வேலை பார்த்த ஆறு பேர் பின்னால் நோபல் பரிசு பெற்றார்கள். நிலவில் ஒரு பள்ளத்துக்கு அவர் பெயர். 2008இல் அமெரிக்கா அவருக்கு 41 சென்ட் தபால்தலை வெளியிட்டது. அதில் அச்சடித்த கோரி எஸ்டரின் வேதியியல் படத்தில் ஒரு பிழை. கணக்கில் அத்தனை கறாரான மனுஷி, இருந்திருந்தால் திருத்தச் சொல்லியிருப்பார்.

நம்ம வீட்டுக் கணக்கு

பொறுத்துக்கொண்டால் பரிசு வரும் என்று சொல்ல இதை எழுதவில்லை. பத்தில் ஒரு பங்கு சம்பளம் அநியாயம். நோபல் வந்ததால் அது நியாயம் ஆகிவிடாது. அவரைப் போலவே திறமையோடு வந்து, கதவு திறக்காமலே வாழ்ந்து முடித்த பெண்கள் எத்தனையோ பேர். அவர்கள் பெயரில் நட்சத்திரம் எதுவும் இல்லை.

நான் யோசித்தது கார்லைப் பற்றி. அவர் முன்னால் பல தடவை ஒரு சுலபமான வழி இருந்தது. சம்பளம் என்னுடையது போதும், நீ வீட்டில் இரு என்று அவர் சொல்லியிருந்தால் அந்தக் காலத்தில் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவர் சொல்லவில்லை. நான் இந்தக் காலத்தில் சொன்னேன், அதுவும் டேகேர் பில்லைக் காட்டி. மனைவியின் சம்பளத்திலிருந்து மட்டும் டேகேர் செலவைக் கழித்துப் பார்த்தேன், என் சம்பளத்திலிருந்து கழிக்கத் தோன்றவே இல்லை. குழந்தை இரண்டு பேருக்கும்தானே?

இதைப் படிக்கும் உங்களில் பலர் வீட்டில் ஒரு டிகிரி சர்டிஃபிகேட் சூட்கேஸுக்கு அடியில் இருக்கும். பிஸியோதெரபி, பி.எட்., மைக்ரோபயாலஜி, எதுவானாலும். விசா அனுமதிக்காத வருடங்களை நம்மால் ஒன்றும் செய்ய முடியாது. அனுமதி வந்த நாளில் சின்ன வேலை என்று தடுக்காமல் இருக்க முடியும். இங்கேயே பிறந்து ஹைஸ்கூலில் பயாலஜி படிக்கும் உங்கள் பிள்ளைகளிடம், பாடத்தில் கோரி சுழற்சி வரும்போது, அது ஒரு புலம்பெயர்ந்த அம்மாவும் சேர்ந்து கண்டுபிடித்தது என்று சொல்லுங்கள்.

என் மனைவி வேலைக்குச் சேர்ந்து இப்போது எட்டு மாதம். காலையில் குழந்தையை டேகேரில் விடுவது என் பொறுப்பு, சாயங்காலம் கூட்டி வருவது அவருடையது. டேகேர் பில் பொதுக் கணக்கிலிருந்து போகிறது.